வீட்டுக் கோழிக்குச் சரிவிகிதத் தீவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஐந்து கோழி வளர்ப்பவரும் ஐம்பது கோழி வளர்ப்பவரும் தீவனம் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். முதல் ஏழெட்டுக் கேள்விகளைப் படித்த பிறகு பின்னால் போனால் நல்லது. அங்கே வரும் கணக்கை வைத்துத்தான் பிற்பகுதிப் பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன.

கோழிதான் நாள் முழுக்கக் கிளறித் தின்கிறதே, அதற்குத் தனியாகத் தீவனம் எதற்கு?

பரந்த நிலம், புல், பூச்சி, உதிர்ந்த தானியம் எல்லாம் கிடைத்து, கோழியும் சின்ன உடம்பாக, வருடத்துக்குச் சில பருவம் மட்டும் முட்டையிட்டு அடைகாக்கும் இனமாக இருந்தால், மேய்ச்சலிலேயே ஓரளவு பிழைத்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான கொல்லைகளில் பத்துக் கோழி ஒரு மாதம் கிளறினால் மண்தான் மிஞ்சும். அதன்பிறகு அது கிளறுவது பழக்கத்துக்காக, வயிற்றுக்காக அல்ல.

போதுமா போதாதா என்று தெரிந்துகொள்ள இரண்டு சோதனைகள் உண்டு. கோழி அடையப் போகும் நேரத்தில் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக நிறைந்திருக்க வேண்டும். பிறகு நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். இருபுறமும் சதை இல்லாமல் கத்தி முனைபோல் நீட்டிக்கொண்டிருந்தால், பல வாரங்களாகவே அதற்குப் போதவில்லை என்று அர்த்தம்.

சரிவிகிதம், சரிவிகிதம் என்கிறீர்களே, அதில் அப்படி என்னதான் இருக்க வேண்டும்?

எரிசக்தி, புரதம், சுண்ணாம்புச் சத்து என்னும் கால்சியம், பாஸ்பரஸ், உப்பு, வைட்டமின்களும் நுண்தாதுக்களும். எரிசக்தி தானியத்திலிருந்தும், புரதம் புண்ணாக்கு, மீன்தூள் போன்றவற்றிலிருந்தும் வருகின்றன. மற்றவை தனியாகச் சேர்க்கப்படுகின்றன.

புரதம் என்றால் மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. அது பல அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் கோழிக்கு முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின், அடுத்தது பெரும்பாலும் லைசின். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மீதிப் புரதத்தை உடம்பு முழுதாகப் பயன்படுத்த முடியாமல் கழித்துவிடும். அட்டையில் ஒரே சதவீதம் போட்ட இரண்டு தீவனங்கள் இரண்டு விதமாக முட்டை தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குஞ்சுத் தீவனம், வளர்கோழித் தீவனம், முட்டைத் தீவனம் என்று மூன்று இருக்கிறது. எதை வாங்குவது?

வயதைப் பார்த்து வாங்குங்கள். முட்டைக்காக வளர்க்கும் குஞ்சுக்கு முதல் 6 முதல் 8 வாரம் வரை குஞ்சுத் தீவனம்: புரதம் 18 முதல் 20 சதவீதம், கால்சியம் 1 சதவீதம் அளவில். அதன்பிறகு முட்டைப் பருவம் வரை வளர்கோழித் தீவனம்: புரதம் 15 முதல் 16 சதவீதம், கால்சியம் அதே 1 சதவீதம். முட்டையிடும் கோழிக்குப் புரதம் 16 முதல் 17 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம்.

மூன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் புரதத்தில் இல்லை, கால்சியத்தில்தான். அது கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. முட்டைத் தீவனத்துக்கு மாற வேண்டிய நேரத்தை நாள்காட்டியை விடக் கோழியே நன்றாகச் சொல்லும். கொண்டை சிவந்து பெரிதாகும். நீங்கள் அருகில் போனால் முதுகைத் தாழ்த்தி உட்காரும். முதல் முட்டை விழும். மெதுவாக வளரும் இனங்களில் இது 22 வாரத்தையும் தாண்டும். அதுவரை பொறுத்திருங்கள்.

கறிக்கோழித் தீவனம் வேறு வகை. வேகமாக எடை கூட்டுவதற்காகப் புரதமும் எரிசக்தியும் கூட்டிச் செய்தது. முட்டைக் கோழிக்கு அதைத் தொடர்ந்து போட்டால் கொழுப்பு ஏறும். அதில் கால்சியம் குறைவு என்பதால் ஓடும் மெலியும்.

ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?

முட்டையிடும் நடுத்தர உடல்வாகுக் கோழிக்கு 100 முதல் 120 கிராம். சின்ன உடம்பு இனங்கள் 80, 90 கிராமில் நிறுத்திக்கொள்ளும். குஞ்சு முதல் வாரத்தில் நாளுக்கு 10 கிராம் அளவில் தொடங்கி, 8 வாரத்தில் சுமார் 50 கிராமுக்கு வரும். கறிக்கோழி இந்தக் கணக்கில் சேராது. அது பல மடங்கு தின்னும்.

குஞ்சுகளுக்கு அளவு வைக்காமல் எப்போதும் தீவனம் இருக்க வேண்டும். பெரிய கோழிக்கு நாளின் அளவைக் காலையில் ஒரு பங்கும் மாலையில் ஒரு பங்குமாகப் போடலாம். வெயில் கடுமையான நாட்களில் நடுப்பகலில் கோழி தின்னாது. அப்போது விடிந்ததும் ஒரு முறை, வெயில் தாழ்ந்ததும் ஒரு முறை போட்டால்தான் முழு அளவு உள்ளே போகும்.

தண்ணீர் தீவனத்தைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்: கோழிக்கு 200 முதல் 250 மில்லி, கடும் வெயிலில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை. தண்ணீர் தீர்ந்துபோனால் கோழி தீவனத்தையும் நிறுத்திவிடும். ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தால் அடுத்த பல நாட்களுக்கு முட்டை குறையும்.

மாவாக இருப்பது நல்லதா, குருணையா, குச்சியா?

சத்து மூன்றிலும் ஒன்றுதான். மாவுத் தீவனத்தில் கோழி தனக்குப் பிடித்த தானியத் துண்டைப் பொறுக்கித் தின்றுவிட்டு அடியில் தூளை விட்டுவிடும். அந்தத் தூளில்தான் வைட்டமினும் தாதுவும் இருக்கின்றன. தட்டு காலியாகும் வரை அடுத்த முறை போடாதீர்கள், அல்லது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள். பிசறியதை அன்றே முடித்துவிட வேண்டும். குச்சித் தீவனத்தில் பொறுக்க முடியாது, சிந்துவதும் குறைவு. ஆனால் குஞ்சுக்கு வாயில் அடங்காது. குருணை குஞ்சிலிருந்து பெரிய கோழி வரை எல்லோருக்கும் ஒத்துவரும்.

மக்காச்சோளம் போட்டால் ஆசையாகத் தின்கிறது. அதை மட்டும் போட்டால் போதாதா?

போதாது. மக்காச்சோளத்தில் புரதம் 8 முதல் 9 சதவீதம், கால்சியம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எரிசக்தி மட்டும் தாராளம். கோழி ஆசைப்படுவது அந்த எரிசக்திக்குத்தான். அதனால் உடம்பு கொழுத்து, முட்டை குறைந்து, பார்ப்பதற்கு மட்டும் நன்றாக இருக்கும்.

முழுத் தீவனத்தோடு தானியத்தைச் சேர்த்துப் போடுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கோழி நாளுக்கு 110 கிராம் முட்டைத் தீவனம் தின்றால் அதற்கு 18 கிராம் புரதமும் 4.2 கிராம் கால்சியமும் கிடைக்கின்றன. நீங்கள் 40 கிராம் மக்காச்சோளத்தை முதலில் போட்டுவிட்டால், அது தீவனத்தில் 70 கிராம் மட்டுமே எடுக்கும். இப்போது புரதம் 15 கிராம், கால்சியம் 2.7 கிராம். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்றதில் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும். ஆக 2.7 கிராம் தின்ற கோழி மிச்சத்தைத் தன் எலும்பிலிருந்து எடுத்துத்தான் முட்டையிடுகிறது.

கோழியின் வயிறு ஒன்றுதான்; அதில் எது போனாலும் இன்னொன்றின் இடத்தைத்தான் பிடிக்கும். கூடுதலாகப் போடும் தானியம், தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாளின் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு கோழிக்கு 10 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு. அதுவும் முழுத் தீவனம் தின்று முடித்தபின், மாலையில்.

சமையலறையில் மிஞ்சியதைப் போடலாமா?

மேலே சொன்ன பத்தில் ஒரு பங்குக்குள் போடலாம். கீரை, காய்கறித் தோல், பழம் போன்றவற்றில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் இன்னும் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. சமைத்த மாவுப்பண்டம்தான் வயிற்றை அடைத்துவிடும்.

போடக் கூடாதவை: உப்பு மிகுந்த எதுவும்; பூசணம் பிடித்த ரொட்டி, தானியம்; வேகாத காய்ந்த பயறுகள் (அவற்றில் உள்ள நச்சுப் புரதம் நன்றாக வேகவைத்தால்தான் அழியும்); பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தோலும்; அவகாடோ; சாக்லேட். வெங்காயத்தை அள்ளிக் கொட்டாதீர்கள்.

மூட்டையில் ஒட்டிய அட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் எந்தக் கோழிக்கு, எந்த வயதுக்கு என்பது. அடுத்து தயாரித்த நாள். அரைத்த தீவனத்தில் வைட்டமின்கள் நாளாக ஆகக் குறையும், கொழுப்பு காறிப்போகும். அதனால் தயாரித்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தீர்ந்துபோகிற அளவே வாங்குங்கள். பத்துக் கோழிக்கு நாளுக்கு ஒன்றேகால் கிலோகூடத் தேவைப்படாது. எனவே பெரிய மூட்டை மலிவு என்று இரண்டு மூன்றாக அடுக்கிவைப்பது லாபம் அல்ல.

பிறகு எண்கள்: புரதம், கால்சியம், பாஸ்பரஸ், நார்ச்சத்து, ஈரப்பதம், அமிலத்தில் கரையாத சாம்பல். கடைசியில் சொன்னது மணலையும் உமியையும் காட்டிக்கொடுக்கும் எண். குறைய இருப்பது நல்லது. நார்ச்சத்து இரட்டை இலக்கத்தைத் தொட்டால் அதில் உமியோ மட்டமான தவிடோ நிறைய என்று பொருள். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மருந்து எதுவும் கலந்திருந்தால் அதன் பெயரும் இருக்கும்; அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

முட்டைத் தீவனம் நிறைய மிச்சம் இருக்கிறது. அதையே குஞ்சுக்கும் போட்டால் என்ன?

போடாதீர்கள். முட்டையிடாத பறவைக்கு அந்த நான்கு மடங்கு கால்சியத்தைச் செலவழிக்க வழியில்லை. அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். வாரக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமில உப்பு வெள்ளைத் தூளாக இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் படியும். வெளியில் பார்த்தால் சோர்வும் வெள்ளைக் கழிச்சலும்தான் தெரியும். நோய் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். இளமையில் பழுதான சிறுநீரகம் பிற்பாடு சரியாவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் தவறித் தின்றதற்குப் பயப்பட வேண்டாம்.

குஞ்சு, விடைக்கோழி, தாய்க்கோழி, சேவல் எல்லாம் ஒரே கொட்டிலில். எப்படிப் பிரித்துப் போடுவது?

பிரிக்க முடியாவிட்டால், கால்சியம் குறைந்த தீவனத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக் கால்சியத்தை மட்டும் தனித் தட்டில் வையுங்கள். 8 வாரத்துக்குள் குஞ்சு இருந்தால் பொதுத் தீவனம் குஞ்சுத் தீவனமாகவும், இல்லையென்றால் வளர்கோழித் தீவனமாகவும் இருக்கட்டும். தனித் தட்டில் உடைத்த கிளிஞ்சல். முட்டையிடும் பெட்டைக்கு அந்தத் தேவையை உடம்பே உணர்த்தும். மாலையில் தேடிப் போய்த் தின்னும். சேவலும் விடையும் ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். கிளிஞ்சல் தட்டைப் பெரிய கோழியின் நெஞ்சு உயரத்தில் கட்டினால் குஞ்சுக்கு எட்டாது.

கிளிஞ்சலும் சிறுகல்லும் ஒன்றுதானே?

இல்லை, வேலை வேறு. கோழிக்குப் பல் இல்லை; தின்ற தானியத்தை அரைவைப்பையில் கல்லோடு சேர்த்து அரைக்கிறது. அதற்கு வேண்டியது கரையாத கடினமான சிறுகல், கருங்கல் பொடிசுபோல. கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் அமிலத்தில் கரைந்து கால்சியமாகிவிடும். அரைக்கும் வேலைக்கு நிற்காது. மண்ணில் மேயும் கோழி கல்லைத் தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வளர்த்து முழுத் தானியமோ புல்லோ கொடுத்தால் கல் வைத்தாக வேண்டும். மாவும் குருணையும் மட்டும் தின்னும் கோழிக்கு அவசரமில்லை.

கிளிஞ்சலில் தூளைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டு நல்லது. ஓடு உருவாவதில் பெரும்பகுதி இரவில், கோழி தின்னாத நேரத்தில் நடக்கிறது. பெரிய துண்டு அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தூள் அதற்குள் கடந்துபோயிருக்கும். முட்டை ஓட்டையும் திரும்பக் கொடுக்கலாம். கழுவி, சூடுகாட்டி உலர்த்தி, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள்.

முட்டைத் தீவனம்தான் போடுகிறேன், கிளிஞ்சலும் இருக்கிறது. ஆனாலும் தோல்முட்டை வருகிறதே?

புதிதாக முட்டையிடத் தொடங்கிய விடைக்கோழி முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு தோல்முட்டை (கெட்டி ஓடு இல்லாமல் தோலோடு வரும் முட்டை) இடுவது இயல்பு. வயதான கோழியின் முட்டை பெரிதாகும், ஓடு மெலியும், அதுவும் இயல்பு.

மற்றவற்றில் முதலில் வைட்டமின் டி3 பற்றி யோசியுங்கள். அது இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகாது. வெயில் படாமல் அடைத்து வளர்க்கும் கோழிக்கு அது தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். தீவனம் பழசென்றால் அது குறைந்திருக்கும். அடுத்தது வெப்பம். வாயைத் திறந்து இரைக்கும் கோழி கரியமில வாயுவை அதிகம் வெளியேற்றிவிடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அதனால் குறைகிறது. இங்கே கிளிஞ்சலைக் கூட்டிப் பயனில்லை. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். மூன்றாவது, தானியம் அதிகமாகிக் கால்சியம் நீர்த்துப்போவது. மக்காச்சோளக் கேள்வியில் உள்ள கணக்குதான். இவை எதுவும் இல்லாமல் பல கோழிகளில் ஒரே நேரத்தில் ஓடு சுருங்கியும் கோணியும் வந்தால் அது நோய். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நானே அரைத்துக் கலக்கலாமா? கணக்கு சொல்லுங்கள்.

முட்டைக் கோழிக்கும் வளர்கோழிக்கும் கலக்கலாம். குஞ்சுத் தீவனத்தை வாங்கிவிடுவதே எங்கள் அறிவுரை. முதல் எட்டு வாரத்தில் குஞ்சு தின்பது மொத்தமே இரண்டு கிலோ அளவுதான். மிச்சமாவது சொற்பம், தவறு நேர்ந்தால் போவது குஞ்சு.

10 கிலோ முட்டைத் தீவனத்துக்கு: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ 700 கிராம், சோயாப் புண்ணாக்கு 2 கிலோ 300 கிராம், தவிடு 850 கிராம், சுண்ணாம்புக்கல் துண்டும் தூளும் சேர்ந்து 900 கிராம், டைகால்சியம் பாஸ்பேட் 150 கிராம், உப்பு 30 கிராம், மெத்தியோனின் 15 கிராம், முட்டைக் கோழிக்கான பிரிமிக்ஸ் (வைட்டமினும் நுண்தாதுவும் சேர்ந்த ஆயத்தக் கலவை) அதன் உறையில் எழுதிய அளவு. இதில் புரதம் 16 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியும் கால்சியம் 3.8 சதவீதத்தை ஒட்டியும் வரும். அதையே வளர்கோழிக்கு ஆக்க, மக்காச்சோளம் 6 கிலோ, சோயா 2 கிலோ, தவிடு 1 கிலோ 600 கிராம், சுண்ணாம்புக்கல் வெறும் 120 கிராம். மெத்தியோனின் 10 கிராம் போதும், மற்றவை அப்படியே. பிரிமிக்ஸ் மட்டும் வளர்கோழிக்கானது.

தானியத்தை நைசாக அரைக்காதீர்கள். ரவையைவிடப் பெரிதாக நொய்போல் உடைத்தால் போதும். மாவானால் அலகில் ஒட்டும், தின்பது குறையும். கலப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 15 கிராம் மெத்தியோனினை 10 கிலோவின் மேல் தூவிக் கிளறினால் ஒரு கோழிக்குக் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. உப்பு, மெத்தியோனின், பிரிமிக்ஸ் மூன்றையும் முதலில் அரை கிலோ மக்காச்சோள மாவில் கலந்துகொள்ளுங்கள். அதை டைகால்சியம் பாஸ்பேட், சுண்ணாம்புத் தூள், இன்னும் கொஞ்சம் தானியத்தோடு சேர்த்து இரண்டு மூன்று கிலோவாக்குங்கள். பிறகுதான் மீதியோடு சேர்க்க வேண்டும். சுத்தமான தரையில் குவித்து, இடம் மாற்றி மாற்றிப் பத்துத் தடவையாவது புரட்டுங்கள். உப்பு ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அதைத் தின்ற கோழிக்கு நீர்க்கழிச்சல் வரும், இளசாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. எடையைத் தராசில் பாருங்கள். கைப்பிடிக் கணக்கு சிறிய பொருட்களுக்கு உதவாது.

பிரிமிக்ஸ் இல்லாமல் செய்தால் என்ன ஆகிவிடும்?

நாள் முழுக்க வெளியில் பச்சையும் பூச்சியும் தின்னும் கோழிக்கு உடனே ஒன்றும் தெரியாது. அடைத்து வளர்ப்பதற்குச் சில வாரங்களில் தெரியும்: குஞ்சுக்கு விரல் உள்பக்கம் சுருண்டு நடக்க முடியாமல் போனால் வைட்டமின் பி2 குறைவு, ஓடு மெலிந்து கால் தள்ளாடினால் டி3, அடைவைத்த முட்டை பொரிக்காமல் போவதற்குப் பி வகை வைட்டமின்களின் குறைவு ஒரு காரணம். சில கிராமில் முடியும் செலவு அது. அதைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சோயாப் புண்ணாக்கு கிடைக்கவில்லை. வேறு எதைப் போடலாம்?

கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் மெத்தியோனினும் லைசினும் குறைவு, பூசண நச்சு ஏறுவதற்கு வாய்ப்பும் அதிகம். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைவு, லைசின் குறைவு. சூரியகாந்திப் புண்ணாக்கும் அப்படியே, நார்ச்சத்தும் கூடுதல். ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புவதால் தனித்தனியாகப் போடாமல் இரண்டு மூன்றைக் கலந்து போடுங்கள். 5 சதவீதம் மீன்தூள் சேர்த்தால் லைசின் குறை பெரும்பாலும் தீரும். மீன்தூளில் மணலும் உப்பும் கலப்பது உண்டு. நாக்கில் உப்புக் கரித்தால் தீவனத்தில் போடும் உப்பைக் குறையுங்கள்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை முட்டைக் கோழிக்குத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள காசிப்போல் என்ற நச்சு, வைத்திருக்கும் முட்டையின் மஞ்சள் கருவைப் பாசிநிறமாக்கும். சோயாவைப் பயறாகவே வாங்குபவர்களும் கவனிக்க: பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வறுத்தோ வேகவைத்தோதான் போட வேண்டும். எண்ணெய் எடுத்து முறையாகச் சூடுபட்ட புண்ணாக்குக்கு அது தேவையில்லை.

அசோலா வளர்த்தால் தீவனச் செலவு பாதியாகும் என்கிறார்களே?

நீரில் மிதந்து வளரும் சிறு தாவரமான அசோலாவில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் என்று சொல்வது உலர்ந்த எடைக்கு. தொட்டியிலிருந்து அள்ளிய ஒரு கிலோவில் 930 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். மீதி 60 கிராம் உலர் பொருளில் புரதம் 12 முதல் 15 கிராம். ஒரு கோழியின் ஒரு நாள் தேவைக்கும் குறைவு. ஒரு கிலோ அசோலாவைத் தின்ன ஒரு கோழிக்கு வயிற்றில் இடம் கிடையாது. பச்சைத் தீனியாக, மஞ்சள் கருவின் நிறத்துக்காக, கோழிக்கு ஒரு பிடி கொடுங்கள், நல்லதுதான். தீவனத்துக்கு மாற்று அல்ல.

கருப்புப் போர்ஈயின் (பிளாக் சோல்ஜர் ஃபிளை) புழு வேறு கதை. உலர்ந்த எடையில் 40 சதவீத அளவில் புரதம், கொழுப்பும் கால்சியமும் தாராளம். உயிருள்ள புழுவிலும் அசோலாவைவிடத் தண்ணீர் வெகு குறைவு. புரத மூலமாக அதை மதிக்கலாம். கொழுப்பு அதிகம் என்பதால் அளவோடு கொடுங்கள்.

மூட்டையில் ஓரமாகக் கட்டி கட்டியாக, லேசாகப் பூசணம். வெயிலில் காயவைத்துப் போடலாமா?

கூடாது. வெயில் பூசணத்தைக் கொல்லலாம். அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வெயிலிலும் அழியாது, சாதாரணமாக வேகவைத்தாலும் அழியாது. கல்லீரலைக் கெடுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும், முட்டையும் குறையும். கட்டியை எடுத்து எறிந்துவிட்டு மீதியைப் போடுவதும் பாதுகாப்பில்லை. வாத்துக் குஞ்சு இந்த நச்சுக்குக் கோழியைவிடப் பல மடங்கு பலவீனமானது.

வருமுன் காப்பது எளிது. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பழைய தீவனத்தின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். தானியம் வாங்கும்போது ஈரம் பார்க்க ஒரு வழி: உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கைப்பிடி தானியமும் ஒரு கரண்டி காய்ந்த உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கால்மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அப்படியே சேமித்தால் பூசணம் நிச்சயம்.

குஞ்சுத் தீவனத்தில் மருந்து கலந்திருப்பதாக எழுதியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் அது இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து. ஈரமான கூளத்தில் வளரும் குஞ்சுக்கு அது உதவும். மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள். இரத்தக் கழிச்சலுக்கான தடுப்பூசி போட்ட குஞ்சுக்கு இந்தத் தீவனம் கூடாது. தடுப்பூசியில் உள்ள உயிருள்ள கிருமியையே மருந்து அழித்துவிடும். முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கக் கூடாது. முட்டையில் மருந்து சேரலாம். மற்ற விலங்குகளுக்கு எட்டாமல் வையுங்கள்: மோனன்சின், சாலினோமைசின் போன்றவை குதிரைக்குக் கொடிய விஷம், சாலினோமைசின் வான்கோழிக்கும் ஆகாது.

வாத்து, காடை, வான்கோழிக்கும் அதே தீவனம்தானே?

பெரிய வாத்துக்குக் கோழியின் தீவனம் ஒத்துவரும். வாத்துக் குஞ்சுக்கு நயாசின் என்ற பி வகை வைட்டமின் கோழிக் குஞ்சைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். குஞ்சுத் தீவனத்தோடு மதுவடிப்பு ஈஸ்ட் சேர்ப்பது வழக்கமான தீர்வு. காடைக் குஞ்சுக்கு 24 சதவீதத்துக்கு மேலும், வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதவீத அளவிலும் புரதம் தேவை. முட்டைக் கோழிக் குஞ்சின் தீவனம் அவற்றுக்குப் போதாது.

ஒன்றின் இறகை ஒன்று பிடுங்குகின்றன, முட்டையையும் உடைத்துக் குடிக்கின்றன. புரதக் குறைவா?

இருக்கலாம். மெத்தியோனின் குறைவும் உப்புக் குறைவும் இறகு பிடுங்கலைத் தூண்டும். வீட்டில் கலந்த தீவனமென்றால் உப்பு 0.3 சதவீதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் இடநெருக்கடி, கடும் வெளிச்சம், பேன், தீவனத் தட்டில் இடம் போதாமை ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். ஒரு கோழிக்குத் தட்டு ஓரத்தில் 10 சென்டிமீட்டர் இடம் வேண்டும். முட்டை குடிப்பது பெரும்பாலும் மெல்லிய ஓடு தற்செயலாக உடைவதில்தான் தொடங்குகிறது. தோல்முட்டைக் கேள்வியைப் பாருங்கள். முட்டையை அடிக்கடி எடுத்துவிடுங்கள், முட்டைப் பெட்டியை இருட்டாக வையுங்கள்.

தீவனத்தை மாற்றினேன், முட்டை நின்றுவிட்டது. பழைய தீவனத்துக்கே போகட்டுமா?

திடீரென்று மாற்றினீர்களா என்று பாருங்கள். மணமும் துண்டின் அளவும் மாறினால் கோழி ஒன்றிரண்டு நாள் சரியாகத் தின்னாது, முட்டை அதற்கே குறையும். புதியதைக் கால் பங்கில் தொடங்கி, அரை, முக்கால் என்று எட்டுப் பத்து நாளில் மாற்ற வேண்டும். ஏற்கெனவே முழுதாக மாற்றிவிட்டால், பழையது கொஞ்சம் இருந்தால் கலந்து கொடுங்கள்; இல்லையென்றால் பொறுங்கள்.

பத்து நாள் கழித்தும் வராவிட்டால் தீவனத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே போகும் பருவத்தில் முட்டை தானாகக் குறையும். அடைக்கு உட்கார்ந்திருக்கலாம். இறகு உதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். தரையில் இறகு கிடக்கிறதா பாருங்கள். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அந்த இரண்டு மூன்று மாதமும் புரதம் 18 சதவீத அளவில் கிடைத்தால் உடம்பு சீக்கிரம் தேறும். அதற்குக் குஞ்சுத் தீவனத்தையோ, முட்டைத் தீவனத்தோடு கொஞ்சம் புழு அல்லது மீன்தூளையோ கொடுக்கலாம். குஞ்சுத் தீவனமென்றால் மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள், கிளிஞ்சல் தட்டை எடுக்காதீர்கள்.